துளிக்கணக்கு

அத்தியாயம் 14

இந்தச் சனிக்கிழமை விடியக்கூடாது என்று ஜெகதீஸ்வரி ஒரு கிழமையாக நினைத்துக்கொண்டிருந்தாள். அது வழக்கத்தைவிடக் கொஞ்சம் வெள்ளனவாகவே விடிந்தது போல இருந்தது.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடி வீடு. அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. அவள் சாப்பாட்டு மேசையில் துணி விரித்து வெள்ளைச் சீருடைக்கு அயர்ன் போட்டாள். மகள் மிதுனா பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பாடம் கேட்பது போல எதிரே நின்று கேட்டாள்.

"ஐந்நூறு மில்லி சேலைன். ஆறு மணித்தியாலத்தில ஏறி முடியவேணும். ஒரு மில்லிக்கு இருபது துளி. நிமிசத்துக்கு எத்தினை அம்மா?"

"இருபத்தெட்டு."

"சரி. இப்ப சின்னப்பிள்ளையின்ர மருந்து."

அயர்ன் பிடித்த கை நின்றுவிட்டது. "அது வேண்டாம் பிள்ளை. பஸ்ஸில போகேக்க நானே பாக்கிறன்."

மிதுனா வற்புறுத்தவில்லை. பதினாறு வயதுதான். ஆனால் தாயின் முகத்தை வாசிக்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கணக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறவள்தான் ஜெகதீஸ்வரி. கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கணக்குப் பகுதியில் பதினைந்து வருடம் இருந்தவள். நாடு பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அந்த வருடம் கந்தோர் கதவை மூடியது. எங்கே வேலை கேட்டுப் போனாலும் வயதைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிகளிலோ தாதிமார் கூட்டங்கூட்டமாக வெளிநாடு போக, ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தாதியர் கல்லூரி, வயது கூடியவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரம் போட்டது. முப்பத்தொன்பது வயதில், தன் மகளுக்கு அக்காமார் போன்ற பிள்ளைகளோடு ஒரே வாங்கில் போய் உட்கார்ந்தாள்.

முதல் வருடத்தோடு கார் போனது. இரண்டாம் வருடத்துக்கு நகைகள் அடகுக்குப் போயின. தாலிக்கொடி ஒன்றுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸவாஹிர் நானாவின் துணிக்கடையில் கணக்கு எழுதிப் புத்தகச் செலவையும் பஸ் செலவையும் சமாளித்தாள். படித்தாள், சமைத்தாள், வார்டில் நின்றாள். இதெல்லாம் அவளைச் சாய்க்கவில்லை. சாய்த்தது மருந்துக்கணக்குப் பரீட்சை.

மூன்று கிழமைக்கு முந்திய அந்தப் பரீட்சையில், ஒரு குழந்தைக்குக் கொடுக்கவேண்டிய இருதய மருந்தைப் பத்து மடங்காக எழுதிவிட்டாள். ஒரு தசமப் புள்ளி இடம் மாறியிருந்தது. ட்யூட்டர் மிஸ் தாளைத் திருப்பித் தந்தபோது சத்தம் போடவில்லை. "உங்கட பிள்ளை செத்துப்போச்சு" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

கந்தோரில் ஒரு பிழை விட்டால் அடுத்த நாள் எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்யலாம். இங்கே அந்த வசதி இல்லை. அன்றிலிருந்து எண்களைக் கண்டாலே அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது.

இன்று மறுபரீட்சை. இதிலும் தவறினால் இந்த வருடத்தைத் திரும்பப் படிக்கவேண்டும். வருடத்தைத் திரும்பப் படிப்பது என்றால் கட்டணத்தையும் திரும்பக் கட்டுவது. அதற்கு விற்பதற்கு வீட்டில் இனி ஒன்றும் இல்லை.

அதோடு இன்றைக்குத்தான் நிருஷாவின் சாமத்திய வீடு, பூப்புனித நீராட்டு.

நிருஷா, ஜெகதீஸ்வரியின் கணவர் சிவபாலனின் தமக்கை பத்மலோஜினியின் ஒரே மகள். தேங்காய் உடைத்து, பிள்ளைக்குப் பால் அறுகு வைத்து முதல் தண்ணீர் வார்க்கவேண்டியது தாய்மாமனும் மாமியும். தாய்மாமன் சிவபாலன். மாமி ஜெகதீஸ்வரி. காலிவீதி மண்டபத்தில் முற்பகல் சுபநேரம். பரீட்சையும் அதே முற்பகல்.

பரீட்சையை மாற்ற முடியாது என்று போன கிழமை அவள் சொன்னபோது லோஜினி மச்சாள் சீலைக்கடையில் பத்துப் பேருக்கு முன்னால் பதில் சொன்னார். கண்டவனுக்கும் மலச்சட்டி பிடிக்கிற படிப்புக்கு என்ன பரீட்சை வேண்டிக்கிடக்கு என்று. பக்கத்தில் நின்ற சிவபாலன் சீலையின் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதுதான் அவளுக்கு உறைத்தது. மச்சாளின் வாய் எல்லோருக்கும் தெரிந்த வாய். ஆனால் அவர் ஏன் பேசவில்லை? காரணமும் அவளுக்குத் தெரியாததில்லை. தகப்பன் செத்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து தம்பியைக் கொழும்புக்குக் கூட்டிவந்து, தன் சம்பளத்தில் படிப்பித்து ஆளாக்கியவர் லோஜினி. தமக்கைக்கு முன்னால் அவர் ஒரு நாளும் வாய் திறந்தது கிடையாது.

சிவபாலன் குளித்துவிட்டு வேட்டியோடு வந்தார். பம்பலப்பிட்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஸ்டோர்ஸ் பொறுப்பு. கார் போனதிலிருந்து பஸ்ஸில்தான் போய்வருகிறார். அதைப்பற்றி ஒரு சொல் சொன்னது கிடையாது.

"இஞ்சாருங்கோ, மச்சாள் கேட்டா என்ன சொல்லப் போறியள்?"

"நீ போட்டு வா. அதை நான் பாக்கிறன்."

அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே சொன்னார். அவளும் அதை நம்பவில்லை. வார்டில் நகை போடக்கூடாது. சீலையையும் தாலிக்கொடியையும் ஒரு பையில் வைத்து மிதுனாவிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.

*

பரீட்சை நேரத்துக்குத் தொடங்கவில்லை. ட்யூட்டர் மிஸ்ஸை அவசரமாக ஒரு வார்டுக்கு அழைத்திருந்தார்கள். வாசலில் காத்திருந்த நாலைந்து பேரில் ஜெகதீஸ்வரிதான் மூத்தவள். சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பதும் நிலத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். கைத்தொலைபேசிகளை லொக்கரில் வைத்துவிட்டு வரவேண்டும் என்பது விதி. மண்டபத்தில் என்ன நடக்கிறது என்று கேட்கவும் வழியில்லை.

கொலன்னாவையிலிருந்து வரும் நிம்றா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நிம்றாவுக்கு இருபது வயது. பரீட்சையில் முதல்தரமே பாஸ். வார்டுக்குப் போகிற வழியில் சும்மா எட்டிப் பார்க்க வந்தவள்.

"அக்கா, எங்க எல்லாருக்கும் கணக்குச் சொல்லித் தந்ததே நீங்கதான். நீங்க பயந்தா எப்படி?"

அது உண்மை. மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது புள்ளி இடம் மாறுவதில்லை.

ஒருவழியாகக் கதவு திறந்தது. தாளில் முதல் ஐந்து கணக்கும் ஓடின. ஆறாவது, ஒரு குழந்தை. எட்டுக் கிலோ நிறை. அதே இருதய மருந்து.

பேனையைக் கீழே வைத்தாள். பத்து மடங்காகப் போன அந்தப் புள்ளி கண்ணுக்குள் வந்து நின்றது. எழும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் இருந்தது. மிதுனா எட்டுக் கிலோவாக இருந்த காலம் நினைவுக்கு வந்தது. தோளில் போட்டால் கழுத்துக்குள் மூச்சு விடும். காய்ச்சல் மருந்தைச் சின்னக் கரண்டியில் எடுத்தால் பாதியைத் துப்பிவிடும்.

அந்தக் கரண்டியை நினைத்துக்கொண்டு கணக்கைப் போட்டாள். விடை வந்ததும் அதை எண்ணாகப் பார்க்கவில்லை. மனதுக்குள் ஊசிக்குழாயில் அந்த அளவை எடுத்து, அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இவ்வளவு சின்ன உடம்புக்கு இது பொருந்துமா? பொருந்தியது. புள்ளி ஓரிடம் தள்ளிப் போயிருந்தால் ஊசிக்குழாய் நிரம்பியிருக்கும். அது கண்ணுக்கே தெரிந்திருக்கும். இத்தனை நாளும் இப்படிப் பார்க்கத் தோன்றவில்லையே என்று தன்னைத்தானே கடிந்துகொண்டாள்.

ட்யூட்டர் மிஸ் அவள் தாளை அங்கேயே வைத்துத் திருத்தினார். ஆறாவது கணக்கில் பேனை கொஞ்சம் நின்றது. பிறகு நிமிர்ந்து, இந்தப் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போகும் என்றார். அவர் சிரித்து ஜெகதீஸ்வரி பார்த்தது அதுதான் முதல்தடவை.

ஆனால் பரீட்சை இன்னும் முடியவில்லை. இரண்டாம் பகுதி வார்டில், உண்மையான நோயாளியோடு.

*

கட்டிலில் கிடந்தவர் மயிலம்மா. கொட்டாஞ்சேனை. எழுபதை நெருங்கிய, கறுத்து மெலிந்த உடம்பு. கட்டாரில் வேலை செய்யும் மகனின் காசில் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவர். வாந்தியும் வயிற்றுப்போக்கும் உடம்பிலிருந்த நீரையெல்லாம் உறிஞ்சிவிட்டிருந்தன. கையில் ஏற்றிய ஊசியைப் பிடுங்கப் பார்ப்பதும், தாதிமார் சிங்களத்தில் தடுப்பதும், அவர் தமிழில் அழுவதுமாக வார்டே கலங்கிப்போயிருந்தது. ட்யூட்டர் மிஸ் சேலைன் போத்தலைக் காட்டி, தொடங்குங்கள் என்றார்.

ஜெகதீஸ்வரி போத்தலைத் தொடவில்லை. முதலில் கட்டிலோரம் குனிந்தாள்.

"அம்மா, என்ர பேர் ஜெகதீஸ்வரி. நான் உங்களோட தமிழில கதைக்கலாம். என்ன செய்யுது?"

மயிலம்மா அழுகையை நிறுத்தி அவளைப் பார்த்தார். "நீங்க தமிழாம்மா? இதக் கழட்டச் சொல்லுங்க. காத்து உள்ள போனா ஆள் போயிருமாமே. பக்கத்துக் கட்டில்ல பேசிக்கிட்டாங்க."

இதுதானா சங்கதி என்று இருந்தது அவளுக்கு. குழாயை அவர் கண்ணுக்கு நேரே பிடித்து, காற்றுக் குமிழ்கள் கீழிறங்கி வெளியே போவதைக் காட்டினாள். ஒன்றுகூட மிச்சமில்லை என்று அவர் தலையாட்டிய பிறகுதான் ஊசியோடு இணைத்தாள். பிறகு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு துளிகளை எண்ணத் தொடங்கினாள். குழாயில் துளியைக் கட்டுப்படுத்தும் சக்கரத்தைக் கொஞ்சம் இறுக்கினாள். திரும்ப எண்ணினாள். உதடு அசைவதைப் பார்த்து மயிலம்மாவும் சேர்ந்து எண்ணினார். ட்யூட்டர் மிஸ் தன் பங்குக்கு எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பாஸ். போகலாம்.

மயிலம்மா கையை விடவில்லை. ஊசி ஏறாத மற்றக் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கடைக்குப் போன மகள் வரும்வரைக்கும் மட்டும் நிற்கச் சொன்னார். சுபநேரம் முடியப் போகிறது. இப்போது ஓடினால் ஒருவேளை பிடிக்கலாம். ஆனால் விட்டுவிட்டுப் போனால் இந்த மனுசி திரும்ப ஊசியைப் பிடுங்கும். பாஸ் என்று எழுதியாயிற்று, இனிக் கேட்பாரில்லை. அதனால்தான் அவளுக்குப் போக மனம் வரவில்லை.

நின்றாள். நிம்றா அடுத்த வார்டிலிருந்து வந்து, "நான் இங்க ஈக்கேன் அக்கா, நீங்க போங்க" என்று கதிரையை இழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே வந்தாள்.

*

லொக்கரைத் திறந்தபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. மிதுனா. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அம்மா, எங்க நிக்கிறியள்? இஞ்ச பெரிய பிரச்சினை. நீங்கள் இல்லாட்டிக்கு வேற ஆரையும் மாமியா நிப்பாட்டுவம் எண்டு லோஜினி மாமி சொன்னவ. அப்பா மாட்டன் எண்டுட்டார்."

"என்ன மாட்டன் எண்டவர்?"

"தேங்காய் உடைக்கமாட்டாராம். பிள்ளைக்கு மாமி எண்டால் ஜெகதீஸ்தானாம். அவ ஆஸ்பத்திரியில ஒரு உயிரைப் பாத்துக்கொண்டு நிக்கிறா, வருமட்டும் நான் கதிரையால எழும்பன் எண்டு சொல்லிப்போட்டார். கனடாவில இருந்து வந்த மாமா ஆக்கள் எல்லாருக்கும் முன்னால அம்மா. ஐயர்தான் பஞ்சாங்கத்தைப் பாத்து, மத்தியானத்துக்குப் பிறகும் ஒரு நல்ல நேரம் இருக்கு எண்டு சொல்லிச் சமாளிச்சவர்."

ஜெகதீஸ்வரி லொக்கரின் இரும்புக் கதவில் சாய்ந்துகொண்டாள். இரண்டு வருடமாக வராமல் அடக்கிவைத்த அழுகை அப்போது வந்தது. நல்ல அழுகை. அதைத் துடைத்துக்கொண்டு ஓட்டோ பிடிக்க ஓடினாள்.

ஹவ்லொக் வீதியில் சனிக்கிழமை வாகன நெரிசல். சீருடையோடே ஏறியிருந்தாள். சாரதி கண்ணாடியில் பார்த்து, நோனாவுக்கு அவசரமா என்று சிங்களத்தில் கேட்டான். கல்யாண வீடு மாதிரி ஒன்று என்றாள். ஆஸ்பத்திரி உடுப்பிலா என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

*

மண்டப வாசலில் நாதஸ்வரக்காரர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்க வழி இருக்கிறதா என்று ஒரு கணம் தேடினாள். பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டு நேராக நடுவாசலால் நடந்தாள். கதிரைகளில் இருந்த பட்டுச்சீலைகள் எல்லாம் திரும்பின. வெள்ளை உடுப்பு, வெள்ளைச் சப்பாத்து, வெறுங்கழுத்து. தலையைக் குனியவில்லை.

முன்வரிசையில் இருந்த சிவபாலன் அவளைக் கண்டதும் எழுந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அந்த மனிதர் பக்கத்திலிருந்த கனடாக்காரரிடம் திரும்பி, நாலு கதிரை தள்ளியும் கேட்கிற குரலில் சொன்னார்.

"இவதான் என்ர மனுசி. நேர்ஸிங் படிக்கிறா. இண்டைக்குச் சோதினை பாஸ் பண்ணிப்போட்டு நேர வாறா."

இருபது வருடம் அவரோடு வாழ்ந்திருக்கிறாள். தன்னைப்பற்றி அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி அவள் கேட்டது கிடையாது.

லோஜினி மச்சாள் மெதுவாக நடந்து வந்தார். ஒரு பக்கம் சாய்ந்த நடை. முகம் இறுகியிருந்தது. ஆஸ்பத்திரி உடுப்போடு பிள்ளையைத் தொடப்போகிறாயா என்று கேட்டார்.

"இல்லை மச்சாள். வார்டில நிண்ட உடுப்போட பிள்ளையைத் தொடுறது எனக்கும் சரியில்லை. கையைக் கழுவிப்போட்டுச் சீலை மாத்திக்கொண்டு வாறன். ஐஞ்சு நிமிசம் தாங்கோ."

சண்டைக்குத் தயாராக வந்தவர் வழிவிட்டு விலகி நின்றார். மிதுனா பையோடு முன்னால் ஓடினாள். ஜெகதீஸ்வரி முழங்கைவரை சவர்க்காரம் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினாள். மகள் பின்னால் நின்று சீலைக்குக் கொசுவம் பிடித்தாள். பிடித்துக்கொண்டே, மருந்துக்கணக்கு வந்ததா என்று கேட்டாள். வந்தது, சரி என்றாள் தாய். மிதுனா அவள் முதுகில் முகத்தை ஒரு தரம் வைத்து எடுத்தாள்.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. சிவபாலன் ஒரே அடியில் தேங்காயை உடைத்தார். அவள் நிருஷாவின் தலையில் பாலையும் அறுகையும் வைத்துத் தண்ணீர் வார்த்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு, "மாமி, நீங்கள் வரமாட்டியள் எண்டு நினைச்சன்" என்றது. வராமல் விடுவேனா என்று ஈரக் கன்னத்தைத் தடவினாள்.

அலங்காரம் முடிந்து நிருஷா மேடையில் இருக்க, படமெடுப்புத் தொடங்கியது. அப்போதுதான் ஜெகதீஸ்வரி மச்சாளைத் தேடினாள். பிள்ளையின் தாய் படத்தில் இல்லை. மணப்பெண் அறை என்று எழுதிய கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே லோஜினி தனியாக, ஒரு காலைச் செருப்பிலிருந்து கழற்றிக் கதிரைமேல் வைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சீலையை இழுத்து மூடினார்.

"என்ன மச்சாள் காலுக்கு?"

"ஒண்டுமில்லை. புதுச்செருப்பு கடிச்சுப் போட்டுது."

செருப்புக் கடித்தால் வலிக்கும், மணக்காது. அந்தச் சீழ் மணம் வார்டில் அவளுக்குப் பழகிய மணம். கதவைப் பூட்டினாள். பட்டுச்சீலையோடு நிலத்தில் உட்கார்ந்தாள்.

லோஜினி கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு விரல்கள் தாமாகவே சீலைக் கரையைத் தூக்கின. பெருவிரலுக்குக் கீழே துணி சுற்றியிருந்தது. அதை ஜெகதீஸ்வரி அவிழ்த்தபோது மச்சாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். புண் ஆழமாக இருந்தது. ஓரங்கள் கறுத்துப்போயிருந்தன.

"இது தொடுறது தெரியுதா?"

"இல்லை."

"இது?"

"இல்லை. எங்க தொடுறாய்?"

ஜெகதீஸ்வரியின் விரல் அப்போது குதிக்காலில் இருந்தது.

"எவ்வளவு நாளா மச்சாள்?"

"தைப்பொங்கலுக்கு முதல் வந்தது. சீனி வருத்தம் எனக்குக் கனகாலமா இருக்கு. இந்தக் காலைப் பாத்தால் வெட்டவேணும் எண்டு சொல்லுவாங்கள். பிள்ளையின்ர சாமத்தியத்தை நான் என்ர காலில நிண்டு செய்யவேணும், அவ்வளவுதான்." இவ்வளவு நாளும் அதட்டியே பழகிய குரல் உடைந்துபோயிருந்தது. "நீ பாத்துச் சொல்லு. நீதான் படிச்சனி."

கதவுக்கு வெளியே சிவபாலன் தட்டினார். குடும்பப் படம் எடுக்கவேண்டும், அக்கா உள்ளே நிற்கிறாவா என்று கேட்டார்.

லோஜினி குனிந்து ஜெகதீஸ்வரியின் தோளை இறுக்கிப் பிடித்தார். "அவனுக்குச் சொல்லாதை. ஒருத்தருக்கும் சொல்லாதை. எனக்குச் சத்தியம் பண்ணித் தா."

ஜெகதீஸ்வரி அந்தக் காலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தாள். கதவை ஒருமுறை பார்த்தாள். மச்சாளின் முகத்தையும் பார்த்தாள்.

"சத்தியம் பண்ணமாட்டன் மச்சாள்," என்றாள். "முதல்ல என்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு எழும்புங்கோ."